மனு வந்து சேர்ந்த இடம்

புதிய பள்ளி ஆண்டு பிறக்கும்போதெல்லாம் மலேசியத் தமிழர் நடுவே ஒரு கணக்கு பேசப்படுகிறது. முதலாம் ஆண்டுக்கு எத்தனை பிள்ளைகள் பதிந்தார்கள்? போன ஆண்டைவிட எவ்வளவு குறைவு? எந்தத் தோட்டப் பள்ளியில் ஒரே ஒரு பிள்ளை, எந்தப் பள்ளியில் ஒருவருமே இல்லை? நாளிதழ்கள் எண்களை வெளியிடுகின்றன. கோயில் மண்டபங்களிலும், கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் உணவகங்களிலும், குடும்பப் புலனக் குழுக்களிலும் அந்த எண்கள் கவலையோடு கைமாறுகின்றன. சில வாரங்களில் பேச்சு அடங்கிவிடும். அடுத்த ஆண்டு இன்னும் சிறிய எண்ணோடு திரும்பி வரும்.

அந்தக் கவலைக்கு ஆதாரம் இருக்கிறது. 1957இல் நாடு விடுதலை அடைந்தபோது மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை ஏறத்தாழ 528. 2000களின் பிற்பகுதியில் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்த மாணவர் தொகை எண்பதாயிரத்தை ஒட்டி இறங்கிவிட்டது. 150 மாணவருக்கும் குறைவான தொடக்கப்பள்ளியைக் கல்வி அமைச்சு ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்று வகைப்படுத்துகிறது. தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கும் மேற்பட்டவை அந்த வகையில் அடங்குகின்றன. ஒரு பள்ளியின் மொத்த மாணவர் எண்ணிக்கை முப்பதுக்கும் கீழே போனால் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே அறையில் உட்காரவைத்து ஒரே ஆசிரியர் பாடம் நடத்தும் கூட்டு வகுப்பு வந்துவிடும்.

ஆனால் இந்த எண்களோடு இன்னோர் எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1957இன் 888 பள்ளிகளிலும் படித்தவர்கள் ஐம்பதாயிரம் சொச்சம் பேர்தான். வகுத்துப் பார்த்தால் ஒரு பள்ளிக்கு அறுபது பிள்ளைகள்கூட இல்லை. நாம் பெருமையோடு நினைவுகூரும் அந்தக் காலத்துப் பள்ளிகளில் பெரும்பாலானவை இன்றைய அளவுகோலில் குறைந்த மாணவர் பள்ளிகளே. அதன் பிறகு ஐம்பது ஆண்டுகள் பள்ளிகளின் தொகை சரிந்துகொண்டே போனது, மாணவர் தொகையோ இரண்டு மடங்கானது. இப்போது பள்ளிகளின் தொகை ஏறக்குறைய அப்படியே நிற்க, மாணவர் தொகை சரிகிறது. நாம் ஒரே வீழ்ச்சியாக நினைத்து வருந்துவது உண்மையில் இருவேறு இழப்புகள். முதல் இழப்பில் நம் காலடி மண் போயிற்று. இரண்டாவது இழப்பில் பிள்ளைகள் வரவில்லை. முன்னதற்கான மருந்து பின்னதற்கு உதவாது.

முதல் இழப்பின் கதை ரப்பர் தோட்டத்தில் தொடங்குகிறது. இந்த நாட்டில் தமிழ்க் கல்வியின் வயது 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து கணக்கிடப்படுகிறது. ஆனால் பள்ளிகள் நூற்றுக்கணக்கில் பெருகியதற்குக் காரணம் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம். ஏழு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால், தோட்ட நிர்வாகம் அவர்களுக்குப் பள்ளி அமைக்க வேண்டும் என்றது அது. நிர்வாகங்கள் அமைத்தன. பல இடங்களில் அந்தப் பள்ளி என்பது ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், சில பலகைகள். கடல் கடந்து ஆள் கொண்டுவந்தவர்களுக்கு, தொழிலாளி குடும்பத்தோடு தோட்டத்திலேயே தங்க வேண்டும் என்ற தேவை இருந்தது. பெற்றோர் விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கு எடுப்புக்குப் போய்விட, பிள்ளைகளுக்கு ஒரு நிழல் வேண்டியிருந்தது. அந்த நிழலுக்குத்தான் பள்ளி என்று பெயர். அதில் படித்த பிள்ளை பால்மரத்தைத் தாண்டி எங்கே போகும் என்பது சட்டம் எழுதியவர்களின் கேள்வியாக இருக்கவில்லை.

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள், அவை துண்டுபோட்டு விற்கப்பட்டன. தோட்டத் துண்டாடலில் வேலையும் வீடும் ஒரே நாளில் போன குடும்பங்கள் ஏராளம். இந்தியச் சமுதாயத் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறு பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்கியது அந்த வேதனையிலிருந்துதான். அடுத்த அலை நகரமாக்கலாக வந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கின் வீடமைப்புப் பகுதிகளும் பேரங்காடிகளும் பெரும்பாலும் பால்மரமும் செம்பனையும் நின்ற மண்ணில் எழுந்தவை. சீபீல்டு தோட்டத்தின் நிலத்தில் சுபாங் ஜெயா வளர்ந்தது. எபிங்ஹாம் தோட்டம் இருந்த இடத்தில் பண்டார் உத்தாமா எழுந்தது. பிராங் பெசார் தோட்டம் நாட்டின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா ஆனது.

அந்த மாற்றத்தில் சில பள்ளிகள் அழிந்தன, சில பள்ளிகள் இடம்பெயர்ந்தன. பிழைத்தவற்றின் பெயர்களைக் கவனியுங்கள். சுபாங் ஜெயாவில் சீபீல்டு தமிழ்ப்பள்ளி, பண்டார் உத்தாமாவில் எபிங்ஹாம் தமிழ்ப்பள்ளி, ஷா ஆலமில் மிட்லண்ட்ஸ் தமிழ்ப்பள்ளி. தோட்டம் போய்விட்டது, அதன் பெயரைப் பள்ளி மட்டும் சுமக்கிறது. இப்படி ஒரு பள்ளி இடம் மாறுவது எளிதில் நடப்பதில்லை. பள்ளி நடத்தும் அனுமதியைப் புதிய இடத்துக்கு மாற்ற வேண்டும், மேம்பாட்டு நிறுவனத்திடமிருந்து நிலம் பெற வேண்டும், கட்டடத்துக்கு நிதி ஒதுக்கச் செய்ய வேண்டும். பெரும்பாலான தமிழ்ப்பள்ளிகள் நிற்கும் மண் அரசுக்குச் சொந்தமில்லாததால் அவை பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே இருந்து வந்திருக்கின்றன. ஆசிரியர் சம்பளம் அரசுடையது, கூரை ஒழுகினால் ஓடவேண்டியது பள்ளி வாரியமும் பெற்றோரும். லாரி ஓட்டுநரும் கடை ஊழியரும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் வேலைக்கு விடுப்பெடுத்து அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியதால் எழுந்த கட்டடங்கள் அவை. பிள்ளைகள் எங்கே குடிபெயர்ந்தார்களோ அங்கே பள்ளியையும் கொண்டுபோனார்கள் அந்த மனிதர்கள். கிள்ளானின் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி நாட்டிலேயே மிகப் பெரிய தமிழ்ப்பள்ளி என்று பெயர் பெறும் அளவுக்கு வளர்ந்ததும் இந்தக் குடிபெயர்வின் காலத்தில்தான்.

முதல் இழப்பை எதிர்கொள்ளத் தேவைப்பட்டது போராட்டக் குணம். அது நம்மிடம் நிறைய இருந்தது. எதிரே ஒரு நிறுவனமோ ஓர் அலுவலகமோ இருந்தால் மனு எழுதவும், கூடி நிற்கவும், குரல் கொடுக்கவும் நாம் பழகியவர்கள்.

இரண்டாவது இழப்பில் எதிரே யாரும் இல்லை. 2020 அளவில் மலேசிய இந்தியர்களின் கருவள விகிதம் ஒரு பெண்ணுக்கு 1.2 குழந்தை என்ற நிலைக்கு வந்துவிட்டது. ஒரு தலைமுறை தன்னை ஈடுசெய்துகொள்ள 2.1 தேவை. விடுதலையின்போது மக்கள்தொகையில் ஏறத்தாழ பதினொரு விழுக்காடாக இருந்த இந்தியர் இன்று ஏழுக்கும் கீழே. பிறக்கும் பிள்ளைகளிலும் ஏறக்குறைய பாதிப் பேர்தான் தமிழ்ப்பள்ளிக்கு வருகிறார்கள். இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. இந்த நாட்டின் தேசியப் பள்ளிகளிலும் சீனப் பள்ளிகளிலும் குறைந்த மாணவர் பள்ளிகள் உள்ளன. ஜப்பானில் பிள்ளைகள் இல்லாததால் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான பள்ளிகள் மூடப்படுகின்றன. தமிழ்நாட்டிலேயே 2019இல் மாணவர் ஒருவரும் சேராத நாற்பதுக்கும் மேற்பட்ட அரசுத் தொடக்கப்பள்ளிகளை நூலகங்களாக மாற்றும் முடிவுக்கு அரசு வந்தது.

இந்த இரண்டாவது இழப்பில் ஒரு பள்ளி மூடப்படும் விதம் வேறு. ஓர் ஆண்டு முதலாம் வகுப்பில் யாரும் சேரவில்லை என்றால், அந்த ஒரு வகுப்பு மட்டும் காலியாவதில்லை. மறு ஆண்டு இரண்டாம் ஆண்டு காலி, அதற்கடுத்து மூன்றாம் ஆண்டு. ஆறு ஆண்டுகள் அந்த வெற்றிடம் பள்ளிக்குள் படியேறிப் போகிறது. இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அப்படி நேர்ந்தால், பக்கத்து வீட்டுப் பெற்றோரும் தயங்குகிறார்கள். என் பிள்ளை யாரோடு விளையாடும், யாரோடு போட்டியிட்டுப் படிக்கும் என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. அது ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக, யார் மேலும் கோபமில்லாமல் கேட்கப்படுகிறது. எல்லா வீடுகளின் விடையும் ஒன்றாகச் சேரும்போது ஒரு பள்ளி முடிந்துபோகிறது.

சட்டம் நம்மை மூடிவிடும் என்று நெடுங்காலம் அஞ்சினோம். அச்சத்துக்குக் காரணமும் இருந்தது. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பொருத்தமான நேரத்தில் தாய்மொழிப் பள்ளியைத் தேசியப் பள்ளியாக மாற்றும் அதிகாரத்தை அமைச்சருக்கு அளித்திருந்தது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை. தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று தொடுக்கப்பட்ட வழக்குகளை 2021இல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது, 2025 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் மேற்கொண்டு முறையிட அனுமதி மறுத்தது. பள்ளிகளின் தரப்பில் வழக்காடியவர்களுக்கு இந்தச் சமுதாயம் கடமைப்பட்டிருக்கிறது. ஆயினும் நீதிமன்றம் பள்ளியின் கதவைத் திறந்துவைக்கலாம். அதன் வழியே ஒரு பிள்ளையை உள்ளே அழைத்துவர எந்தத் தீர்ப்பாலும் முடியாது.

அழைத்துவர வேண்டிய பெற்றோரைப் பழித்துப் பேசுவது நம்மிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. தமிழ்ப் பற்று இல்லாதவர்கள், மேட்டிமை கொண்டவர்கள் என்று மேடைகளில் கேட்கிறோம். நான் அந்தப் பேச்சில் சேர மாட்டேன். செந்தூல் அடுக்குமாடியிலோ கிள்ளானின் புறத்தே ஒரு குடியிருப்பிலோ வாழும் இளம் தம்பதியை எண்ணிப் பாருங்கள். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். காலை ஆறு மணிக்கு நெரிசலில் இறங்கினால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். தேசியப் பள்ளி நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. தமிழ்ப்பள்ளிக்கு இரண்டு நெடுஞ்சாலைகளைக் கடக்க வேண்டும், பள்ளிப் பேருந்துக்கு மாதந்தோறும் தனிச்செலவு. மதியம் பள்ளி விட்டதும் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? இடைநிலைப்பள்ளியில் எல்லாப் பாடமும் மலாயில் வரும்போது பிள்ளை தடுமாறுமா? இந்த நாட்டில் தமிழ்வழிக் கல்வி ஆறாம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு தமிழ் ஒரு பாடம் மட்டுமே. இத்தனையையும் எண்ணிப் பார்க்கும் பெற்றோர் தம் பிள்ளையை நேசிக்கிறார்கள். அந்த நேசத்தை எதிரியாக்கிக்கொண்டு தமிழ்ப்பள்ளி வாழ முடியாது.

பிரிக்பீல்ட்ஸைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். ரயில்வே ஊழியர்களின் குடியிருப்பாக வளர்ந்த ஊர் அது. தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்கள் அங்கே ரயில்வே குவார்ட்டர்ஸ் வீடுகளில் பிள்ளை குட்டிகளோடு வாழ்ந்தார்கள். 1904இல் அங்கே உருவான விவேகானந்தா ஆசிரமம் கோயிலாக மட்டும் நிற்காமல் பள்ளிகளையும் நடத்தியது. காலப்போக்கில் குவார்ட்டர்ஸ் வீடுகள் இடிக்கப்பட்டன, 2001இல் கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையம் திறந்தது, சுற்றிலும் வானளாவிய கட்டடங்கள் எழுந்தன. 2010இல் அந்தப் பகுதி லிட்டில் இந்தியா என்று விழாக்கோலம் பூண்டது. இன்று சேலைக்கும் பூமாலைக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக்கும் நாம் அங்கே போகிறோம். அங்கே குடியிருந்து பிள்ளை வளர்க்கும் குடும்பங்களோ சுருங்கிவிட்டன. தமிழரின் அடையாளம் பளிச்சென்று தெரியும் இடமும் தமிழ்ப் பிள்ளைகள் வளரும் இடமும் இப்போது வெவ்வேறு. பள்ளிகள் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவெடுக்கிறவர்கள் இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும்.

பெற்றோரின் தயக்கத்துக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் நினைவுக்கு வருகிறது. அந்த ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியச் சங்கத்தின் ஆர். எச். நாதன் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். கோரிக்கைகளின் பட்டியலைப் படித்தால் அந்த வாழ்க்கை கண்முன் வரும். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும். பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் கட்டாயம் ஒழிய வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். மருத்துவ வசதி வேண்டும். இவற்றோடு, பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும்.

நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துருப்புகள் வந்தன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அந்தக் கடைசிக் கோரிக்கையை மட்டும் சற்று நிறுத்திப் படிக்க வேண்டும். 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தோட்டங்களில் பள்ளிகள் அப்போதே இருந்தன. கொட்டகை இருந்தது, ஆசிரியர் இருந்தார், பிள்ளைகள் போய் உட்கார்ந்தார்கள். அப்படியிருந்தும் அவர்கள் கல்வி வேண்டும் என்று கேட்டார்கள். இருப்பது போதாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்களில் பலர் பள்ளி வாசலையே மிதித்திருக்க மாட்டார்கள். பிள்ளையை உட்காரவைக்கும் இடத்துக்கும் பிள்ளையை எழுந்து நிற்கவைக்கும் கல்விக்கும் உள்ள தூரத்தை, எழுத்தறியாத அந்த மனிதர்கள் நம்மைவிடத் தெளிவாக அளந்திருந்தார்கள்.

அந்தத் தூரத்தை மறந்தால் என்ன நேரும் என்பதற்குக் கடலிடுக்கைத் தாண்டி ஒரு சான்று உள்ளது. சிங்கப்பூரில் உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி, அங்கே கடைசியாக எஞ்சியிருந்த தமிழ்வழிப் பள்ளி, 1982இல் மூடப்பட்டது. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளுள் ஒன்று. அரசியலமைப்பில் அதற்கு இடம் உண்டு, பள்ளிப் பாடமாகவும் இன்றுவரை தொடர்கிறது. ஆனால் தமிழ்வழியில் படித்தால் பிள்ளைக்கு வேலையும் மேற்படிப்பும் கிடைக்கும் என்ற நம்பிக்கை பெற்றோர் மனத்தில் கரைந்தபோது, பள்ளியைத் தாங்க வேறு எதுவும் மிஞ்சவில்லை. மொழிக்கு மரியாதை இருந்தும், அம்மொழியில் கணக்கும் அறிவியலும் படிக்கும் வகுப்பறை முடிந்துபோனது.

மலேசியாவில் அந்த வகுப்பறை இன்னும் இருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளை பெருக்கல் வாய்பாட்டையும், செடி எப்படி உணவு செய்கிறது என்பதையும், மழை எப்படிப் பிறக்கிறது என்பதையும் தமிழில் கற்கும் அரசுப் பள்ளி, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வெளியே இந்த அளவில் வேறெங்கும் இல்லை. தொடக்கக் கல்விக்குத் தாய்மொழியே சிறந்த வழி என்று யுனெஸ்கோ 1953இல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. அதன் பொருளை அனுபவமுள்ள எந்தத் தமிழாசிரியரும் அறிவார். வீட்டில் பேசும் மொழியே வகுப்பிலும் ஒலிக்கும்போது, கூச்சமுள்ள பிள்ளையும் கையை உயர்த்திச் சந்தேகம் கேட்கிறது. தன் அம்மாவின் பேச்சு அறிவுக்கு உகந்த பேச்சு என்று அந்தப் பிள்ளை ஏழு வயதிலேயே தெரிந்துகொள்கிறது. வறுமையில் வளரும் பிள்ளைக்கு இந்த அறிதல் ஒரு முதுகெலும்பு. பின்னாளில் மலாயிலும் ஆங்கிலத்திலும் அது தயங்காமல் நடக்க இது துணைநிற்கும்.

ஆனால் இந்த நன்மை ‘தமிழ்ப்பள்ளி’ என்ற பெயர்ப்பலகையால் தானாக வந்துவிடாது. நல்ல ஆசிரியராலும், நல்ல மலாய் ஆங்கிலப் பயிற்சியாலும், நூலகத்தாலும், பிள்ளைக்குப் போதிய தோழர்களாலும் வருவது. ஆகவே 528 என்ற எண்ணைக் காப்பதே தமிழ்க் கல்வியைக் காப்பது என்ற எண்ணத்தை நாம் துணிந்து மறுபரிசீலனை செய்ய வேண்டும். ஆளில்லாத தோட்டத்தில் நான்கு பிள்ளைகளோடு கூட்டு வகுப்பு நடத்தும் பள்ளியை, புதிய குடியிருப்பில் நானூறு பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோவது இழப்பாகாது. முந்தைய தலைமுறை அதைத்தான் செய்தது. பள்ளி நடத்தும் அனுமதி ஒரு முறை கைவிட்டுப் போனால் திரும்பக் கிடைப்பது அரிது என்பதால், அதை விட்டுவிடாமல் நகர்த்த வேண்டும். வசதியான இடத்தில் உள்ள ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியிலும் பாலர் வகுப்பு வேண்டும். ஐந்து வயதில் வாசலுக்குள் வரும் பிள்ளைதான் ஏழு வயதில் அங்கேயே நிற்கும். பெற்றோர் வேலை முடிந்து வரும்வரை பிள்ளைக்குப் பாதுகாப்பும் பாடத்துணையும் வேண்டும். பேருந்துக் கட்டணம் எட்டாத குடும்பத்துக்கு அதைக் கோயில் நிர்வாகங்களும் முன்னாள் மாணவர்களும் ஏற்கலாம். திருவிழாவின் ஒரு நாள் செலவு எத்தனை பிள்ளைகளை ஓராண்டு முழுதும் பள்ளிக்குக் கொண்டுசேர்க்கும் என்று ஒவ்வொரு கோயிலும் கணக்குப் பார்த்தால் போதும்.

இவையெல்லாம் செலவும் உழைப்பும் கேட்பவை. ‘தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு’ என்று பதாகை பிடிப்பதைவிடக் கடினமானவை. ஏனெனில் தேர்வு என்ற சொல்லுக்கு உண்மையாக இருக்க வேண்டுமானால், பெற்றோர் வேறொன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை முதலில் மனமார ஏற்க வேண்டும். 1923இல் சட்டத்தின் கட்டாயத்தால் பள்ளி வந்தது. தோட்டத்துப் பிள்ளைக்கு வேறு வழியில்லாததால் அது நிறைந்தது. இந்த மண்ணில் தமிழ்ப்பள்ளி தன் வரலாற்றிலேயே முதல் முறையாக, ஒரு தாயும் தகப்பனும் பல வழிகளுக்கு நடுவே விரும்பி எடுக்கும் முடிவால் மட்டுமே வாழும் நிலைக்கு வந்திருக்கிறது. இதை நலிவு என்று மட்டும் நினைக்க வேண்டாம். கட்டாயத்தால் நிறைந்த பள்ளியைவிட, விருப்பத்தால் நிறையும் பள்ளி மேலானது. அந்த மேன்மையை ஒவ்வோர் ஆண்டும் புதிதாக ஈட்ட வேண்டியிருக்கிறது என்பதே நம் காலத்தின் பாரம்.

1941இல் கிள்ளான் தொழிலாளர்கள் தங்கள் கோரிக்கையைத் தோட்ட முதலாளிகளிடம் வைத்தார்கள். கொடுக்கும் அதிகாரம் அன்று வேறொருவர் கையில் இருந்தது. இன்று தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியர் நம்மவர், ஆசிரியர்கள் நம்மவர்கள், வாரியத்திலும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் கோயில் நிர்வாகத்திலும் அமர்ந்திருப்பவர்கள் நம்மவர்கள். அரசிடம் கேட்க வேண்டியது இன்னும் நிறைய உண்டு, அதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்ற அந்த மனு எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பயணம் செய்து, இப்போது நம் மேசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கேட்கும் சமுதாயமாக மட்டும் இருந்த நாம் கொடுக்கக் கடமைப்பட்ட சமுதாயமாகிவிட்டோம். எத்தனை பள்ளிகள் எஞ்சும் என்பதற்கான விடையை மக்கள்தொகைக் கணக்கில் தேட வேண்டாம். தமிழ்ப்பள்ளியை நம்பி வந்த ஒரு பிள்ளைக்கு, அந்த நம்பிக்கைக்குத் தகுந்த கல்வியை நாம் கொடுத்தோமா என்பதில்தான் அந்த விடை இருக்கிறது.